மா சே சேயின் குரல்

பபேடான், ரங்கூன்
20 பிப்ரவரி 1966

ரோஸ் அக்காவுக்கு,

ஒன்றரை வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அப்பாவுக்கு அம்மா எழுதும் கடிதங்களில் கடைசி வரி "செசியை விசாரித்ததாகச் சொல்லவும்" என்று இருக்கும். விசாரித்தது அம்மாவா நீயா என்று எனக்குத் தெரியாது. அம்மா என்றே வைத்துக்கொண்டேன்.

நீயும் அம்மாவும் சென்னைக்குக் கப்பல் ஏறிய அன்று கப்பல்துறையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு நம் தெருவே மூட்டை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. சுங்கக்காரி அம்மாவின் கழுத்தைத் தடவிச் சங்கிலியைத் தேடிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னால் நீ என்னைப் பார்த்து, "ஓடி ஓடி அப்பாவையும் இந்த மண்ணுலயே புதைச்சிட்டுத்தான்டி வருவே" என்றாய். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். இரண்டு வேளை சாப்பிடுகிறார். ஞாயிறு பூசைக்கு நடந்தே போகிறார்.

எழுத வந்த சேதி வேறு. போன வாரம் தேசியப் போட்டியில் நூறு மீட்டரிலும் இருநூறிலும் நான்தான் முதல். நூறில் பழைய ரெக்கார்டு போய்விட்டது. அந்தப் பழையதும் என்னுடையதுதான். கான்வென்ட் மைதானத்தில் சிஸ்டர் என் பாவாடையைத் தூக்கிச் செருகிவிட்டு "ஓடு" என்று சொன்னபோது பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்களே, அவர்களில் பாதிப் பேர் அன்று மைதானத்தில் எனக்குக் கைதட்டினார்கள். அறுபத்தொன்றில் நம் ஊரில் நடந்த பெரிய போட்டியில் நாலாவதாக வந்துவிட்டு உன் மடியில் விழுந்து அழுதேன். அந்தப் பெண்கள் யாரும் இன்று எனக்குப் பக்கத்தில்கூட இல்லை.

பத்திரிகையில் "மா சே சே" என்று போட்டிருக்கிறார்கள். விளையாட்டுக் கமிட்டியை இப்போது ஒரு ராணுவ அதிகாரி பார்க்கிறார். எல்லோரும் அவரைப் போஜீ என்று கூப்பிடுவார்கள். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அவருக்கு ஞீமாதான், தங்கச்சிதான். "செசிலியான்னு ஜனங்களுக்குக் கூவ வராது ஞீமா. மா சே சே, இது நல்லா இருக்கு" என்று சிரித்தபடி தாமே எழுதிக்கொண்டார். அமிர்தநாதன் என்ற அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. அப்பா பத்திரிகையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

மார்ச்சிலிருந்து மாவ்பியில் முகாம். டிசம்பரில் பாங்காக்கில் ஆசியப் போட்டி. ஓடிவிட்டு வந்தால் எனக்கும் அப்பாவுக்கும் குடியுரிமைப் பத்திரம் தருவதாகப் போஜீ சொல்லியிருக்கிறார், அப்பாவை எதிரில் உட்காரவைத்தே. இனி வருஷா வருஷம் அந்நியர் அட்டையில் முத்திரைக்காக அப்பா வெயிலில் நிற்க வேண்டாம்.

எதை நம்பி இங்கே நிற்கிறாய் என்று அன்றைக்குக் கேட்டாய். இதை நம்பித்தான் அக்கா. என் காலை நம்பி.

செசிலியா


வியாசர்பாடி, சென்னை
14 மார்ச் 1966

செசிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், கப்பல்துறை பாராவை மட்டும் தாண்டிவிட்டு. அம்மா ரெக்கார்டு என்றால் என்ன என்று கேட்டாள். உன் மகளை அந்தத் தேசத்தில் யாராலும் பிடிக்க முடியாது என்று சொன்னேன். "பிடிக்க யாராவது வர்றாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அவள் இங்கே அப்படித்தான் இருக்கிறாள்.

அன்றைக்கு நான் சொன்னதைத் தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் சொன்னேன். என் தங்கை பெயர் மா சே சே என்று சொல்ல வாய் வரவில்லை, செசிலியா என்றே சொன்னேன்.

நாங்கள் இருப்பது ஓர் அறை. மழை வந்தால் அம்மாவின் கட்டிலைச் சுவரிலிருந்து இழுக்க வேண்டும். எனக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் அக்காவும் ரங்கூன்காரிதான். நான் இல்லாத நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு கப்பலிலும் நம் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டால் எனக்கு உன் போஜீயின் சிரிப்புப் பிடிக்கவில்லை. பெயரை எடுத்துக்கொண்டவன் அதோடு விடுவானா?

இதற்கு மட்டும் பதில் எழுது. முகாமில் யார் சமைக்கிறார்கள்? பெண்பிள்ளைகளுக்குத் துணைக்கு யார்? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? நினைத்தால் நீ வீட்டுக்கு வர முடியுமா?

ரோஸ்


மாவ்பி
8 மே 1966

அக்கா,

நர்ஸ் கேள்விகளுக்கு முதலில் பதில். சமையல் ராணுவத்துச் சமையல். முட்டையும் கறியும் வயிறு கொள்ளாத அளவுக்கு. பெண்களுக்குத் தனிக் கொட்டகை, ஒரு சயாமா, வாத்தியாரம்மா, எங்களோடேயே படுக்கிறார். வாரம் ஒருமுறை டாக்டர் வருகிறார். நினைத்தால் வீட்டுக்கு வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா பஸ் பிடித்து வருவார். இந்தக் கடிதத்தையும் அவர் சட்டைக்குள் வைத்துத்தான் கொண்டுபோகிறார். முகாமில் கொடுத்தால் ஒட்டாமல் கொடுக்க வேண்டும்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே கரித்தூள் கொட்டி அருமையான பாதை போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் முள்கம்பி. அப்பா கொண்டுவந்த பலாச்சுளைப் பொட்டலத்தை வாசல் சிப்பாய் கம்பியால் குத்திப் பார்த்தான். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு அதெல்லாம் பழகிவிட்டது.

எங்கள் பயிற்சியாளர் சயா உ ஓன் மவுங். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒரு நாள் திரையில் படம் காட்டினார்; ஜமெய்க்கா, டிரினிடாட் பக்கத்து ஓட்டக்காரர்கள். அக்கா, அவர்கள் ஓடும்போது கன்னத்துச் சதை ஆடுகிறது! தோள் தொங்குகிறது, விரல்கள் பூப்பறிக்கிற மாதிரி இருக்கின்றன, ஆனால் தரை பின்னால் ஓடுகிறது. "பாத்தியா? மூஞ்சி இறுகினா கால் இறுகும். நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடுற" என்றார் சயா. ஏழு வருஷமாக ஓடுகிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது வாயில் ஒரு வெற்றிலையைக் கவ்விக்கொண்டு ஓடிப் பழகுகிறேன்; அதில் பல் பதியக்கூடாது.

தன்டா என்று ஒரு பெண் என் பக்கத்துக் கட்டில். இந்த ஊர்க்காரிதான். அவள் அம்மா டோ ம்யா மாவ்பி பஜாரில் பானை வைத்து மீன் குழம்பு மொஹிங்கா விற்கிறாள். ரிலேயில் என் கையில் கட்டையைக் கொடுப்பவள் தன்டாதான். கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் பர்மியத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வாள், நான் சிரித்துக்கொண்டே ஓட ஆரம்பிப்பேன். சயா சத்தம் போடுவார். ஆனால் சிரித்தால் முகம் இறுகுவதில்லை, அது அவருக்கும் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு சயா தம் கையாலேயே மாத்திரை தருகிறார். இளஞ்சிவப்பாக, பயறு அளவு. வைட்டமின். முதலில் ஒன்று கொடுத்தார், இப்போது மூன்று. வேலை செய்கிறது அக்கா! என் பழைய சட்டைகள் தோளில் ஏறவில்லை. காலையில் எழுந்தால் காலில் குதிரை கட்டியிருப்பதுபோல இருக்கிறது. கோபம் மட்டும் நிறைய வருகிறது. நேற்றுச் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தேன், ஏன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. மழையில் ஓடித் தொண்டை கட்டிக்கொண்டது, மூன்று வாரமாகியும் விடவில்லை. மாதவிலக்கும் இரண்டு மாதமாக இல்லை. ஓட்டக்காரிகளுக்கு அப்படித்தான் என்கிறார் சயாமா.

அம்மாவுக்கு முத்தம். உனக்கு என்ன கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

செசி


சென்னை
2 ஜூன் 1966

செசி,

இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் வார்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் தங்கச்சிக்கு மீசை அரும்புதா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அது வைட்டமின் இல்லை. பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆண்களின் உடம்பில் ஊறுகிற சத்தை மாத்திரையாகச் செய்கிறார்களாம். தீப்பட்டுச் சதை கரைந்தவர்களுக்கு இங்கேயும் கொஞ்ச நாள் கொடுப்பதுண்டு. பெண்களுக்குக் கொடுக்க டாக்டர்களே தயங்குவார்கள். உனக்குத் தொண்டை கட்டவில்லை செசி. உன் குரல் மாறிக்கொண்டிருக்கிறது. மாறினால் திரும்புவது சந்தேகம் என்கிறார். அதைவிட மோசம் கல்லீரல். கண் மஞ்சளாகிறதா, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலிக்கிறதா, சிறுநீர் கறுக்கிறதா? உன்னைப் பார்த்துக்கொள், உன்னோடு இருக்கும் பெண்களையும் பார்.

நிறுத்து. இன்றைக்கே நிறுத்து. உன் ஓட்டத்தைக் கெடுக்க இதைச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் விழுங்காதே.

ரோஸ்


மாவ்பி
26 ஜூன் 1966

ரோஸ் அக்காவுக்கு,

நினைத்தபடியே எழுதிவிட்டாய். நான் ஜெயிக்கும்போதெல்லாம் உனக்கு எங்கேயோ குத்துகிறது. ரங்கூனில் இருந்தபோது "பொட்டப்பிள்ளை காலைக் காட்டி ஓடுது" என்று தெருக்காரர்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? இப்போது டாக்டரம்மா. என்னைப் பார்க்காத டாக்டரம்மா!

சோதனை ஓட்டத்தில் போன ஞாயிறு என் ரெக்கார்டை நானே இன்னொரு தடவை உடைத்தேன். தாய்லாந்துக்காரியைவிட வேகம் என்கிறார் சயா. போஜீ நேரில் வந்து கைகொடுத்தார். அப்பாவும் அன்றைக்கு வந்திருந்தார். "உங்க பத்திரம் என் மேசையிலதான் இருக்கு, ஒரு கையெழுத்துதான் பாக்கி" என்று அவர் தோளைத் தட்டினார். அப்பா அழுதார் அக்கா. முப்பது வருஷம் துறைமுக ஆபீசில் குனிந்து எழுதியவரை முதல்தடவையாக ஒரு பெரிய அதிகாரி நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதை நான் கெடுக்க வேண்டுமா, நீ வியாசர்பாடியிலிருந்து சொல்வதை நம்பி?

இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

செசிலியா

மடித்த பிறகு பிரித்து எழுதுகிறேன். தன்டாவின் கண் மஞ்சளாக இருக்கிறது. வெயிலில் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. சயாமாவிடம் சொன்னேன், காமாலை, ஊர் முழுக்க இருக்கிறது என்றார். உன் கேள்விகளைத் தன்டாவிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள்.

என் மேலுதட்டில் நீ கேட்டது இருக்கிறது. அது தெரியாமலிருக்கத் தனக்காக் குழம்பைக் கனமாகப் பூசிக்கொள்கிறேன்.


சென்னை
18 ஜூலை 1966

செசி, என் தங்கமே,

நான் இனிமேல் உன்னைத் திட்டமாட்டேன்.

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கு. தண்ணீர் குடிக்கிற மாதிரி குடி. பின்னால் போய்த் துப்பு. தன்டாவுக்கும் சொல்லிக்கொடு. அவளை எப்படியாவது வெளியே, முகாம் டாக்டரிடம் அல்ல, வேறொரு டாக்டரிடம் காட்டச் சொல். ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

தெருக்காரர்கள் பேசியதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது உண்மைதான். உன் காலைப் பார்த்து எனக்குப் பொறாமை இருந்ததும் உண்மைதான். இது அது இல்லை.

உடனே பதில் எழுது.

ரோஸ்


மாவ்பி
25 செப்டம்பர் 1966

அக்கா,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவை உள்ளே விடவில்லை. இன்றைக்குத்தான் விட்டார்கள்.

அப்பா கடைசியாக வந்தபோது கொடுத்த உன் கடிதத்தைப் படித்த அன்றே துப்ப ஆரம்பித்தேன். தன்டாவும் துப்பினாள். அவள் அதற்குள் சாப்பாட்டைப் பார்த்தாலே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் சமையல்கட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள், சத்தம் வெளியே வரக்கூடாது என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டு. என் கையை அவள் பிடித்த பிடியில் நகம் தோலுக்குள் போய்விட்டது. "சயா கிட்ட சொல்லாதே, டீமிலேர்ந்து எடுத்துருவாங்க" என்றாள். நான் கேட்கவில்லை, ஓடிப்போய்ச் சொன்னேன். ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது எனக்குக் கை காட்டினாள்.

மூன்றாம் நாள் காலைப் பயிற்சிக்கு முன்னால் சயா எங்களை வரிசையில் நிறுத்தி, தன்டா காமாலையில் போய்விட்டாள் என்றார். ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றோம். பிறகு விசில் ஊதினார். ஓடினோம் அக்கா. அன்றைக்கும் ஓடினோம்.

துப்பியதால் என் வேகம் குறைந்துவிட்டது. சயாவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மாத்திரை கொடுத்துவிட்டு வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் தேடினார், மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி. மறுநாளிலிருந்து மாத்திரை இல்லை, ஊசி. ஊசியைத் துப்ப முடியாது.

அதன் பிறகு போஜீ கூப்பிட்டுவிட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஞீமா, உனக்கு மருந்து பிடிக்கலையாமே?"

"தன்டா ஏன் செத்தாள்?" என்றேன்.

"காமாலை."

"நாங்க ரெண்டு பேரும் ஒரே மாத்திரைதான் சாப்பிட்டோம்."

"நீ உயிரோட இருக்கியே? அப்போ மாத்திரையில என்ன தப்பு?" என்று சிரித்தார். பிறகு எங்கள் பத்திரம் இருக்கும் மேசை இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து, மறுபடி மூடினார். "உங்கப்பா வயசானவர். இந்த வயசுல மனுசன் வெயில்ல நிக்கக்கூடாது. ஜெயில் வராந்தாவிலயும் நிக்கக்கூடாது. டீயைக் குடி."

குடித்தேன்.

தன்டாவை அடக்கம் செய்த அன்று எங்களை லாரியில் அழைத்துப் போனார்கள். டோ ம்யா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மீன் வாடையும் மஞ்சள் வாடையும் அடித்த கை. "நீதானே அவ பக்கத்துக் கட்டில்? எம் பொண்ணுக்கு என்ன ஆச்சு? காமாலையில இத்தனை சீக்கிரம் போவாங்களா?" என்று கேட்டாள். சயா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன குரல் வரும் என்று அவளுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது என் பேச்சைக் கேட்டால் நீ யாரோ என்று நினைப்பாய். அப்பா இன்று முதலில் அப்படித்தான் நினைத்தார். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அப்பா" என்று கூப்பிட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்து யாரையோ தேடினார்.

செசி


சென்னை
14 அக்டோபர் 1966

செசி,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுக்க ஒரு பகல் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது, அந்தப் பெண்ணின் கல்லீரல் முன்பே பலவீனமாக இருந்திருக்கும், அதன்மேல் இதைக் கொட்டியிருக்கிறார்கள் என்றார்.

இனி நான் சொல்வதைக் கேள். நான் முன்னே சொன்னதற்கு நேர்மாறாக இருக்கும். யாரிடமும் ஒன்றும் சொல்லாதே. டோ ம்யாவிடம்கூட. எனக்கும் இதை எழுதக் கசக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை போய்விட்டாள். நீ சொல்வதால் எழுந்து வரப்போவதில்லை. நீ இருக்கிறாய், அப்பா இருக்கிறார். இன்னும் இரண்டு மாதம். பாங்காக் போ, ஓடு, ஜெயித்தாலும் தோற்றாலும் திரும்பி வந்து, அந்தப் பத்திரத்தை அவன் முகத்தில் எறிந்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறு. குரல் போனால் போகட்டும். நீ ஊமையாக வந்தாலும் எனக்குப் போதும்.

அந்த மனிதன் ஜெயில் என்று சும்மா சொல்லவில்லை. போன கப்பலில் வந்த அப்துல் பாரி பாயின் அண்ணன் இன்னும் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வார்த்தை அதிகம் பேசியதுதான் அவர் செய்தது.

வாயை மூடிக்கொள் செசி. உன் அக்கா கெஞ்சுகிறேன்.

ரோஸ்


பபேடான், ரங்கூன்
27 நவம்பர் 1966

அக்கா,

இது அப்பாவின் சட்டைக்குள் வரவில்லை. கப்பல் ஏறுகிற கபீர் காக்கா குடும்பத்தோடு வருகிறது. அதனால் எல்லாம் எழுதலாம்.

உன் கடிதம் எனக்குக் கிடைத்தது. நீ சொன்னபடி செய்யத்தான் நினைத்திருந்தேன். அதை நீ நம்ப வேண்டும்.

பதின்மூன்றாம் தேதி மாவ்பி பஜார் மைதானத்தில் எங்களுக்கு வழியனுப்பு விழா. ஊரே திரண்டிருந்தது. வெள்ளை உடுப்பில் எங்களை மேடையில் நிறுத்திப் பூமாலை போட்டார்கள். ரங்கூனிலிருந்து போஜீக்கும் மேலே ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மாலை போட்டு முடிந்ததும் அவர், "ரெக்கார்டு வச்ச பொண்ணு யாரு? ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்றார். சயா முகம் வெளுத்துவிட்டது. "தொண்டை கட்டியிருக்கு ஐயா" என்றார். "பரவாயில்லை, ஜனங்களுக்கு ஆசை" என்றார் பெரியவர். போஜீ என் காதருகே குனிந்து, "நன்றின்னு ஒரே வார்த்தை. சொல்லிட்டு உக்காரு" என்றார்.

எழுந்து மைக் முன்னால் நின்றேன். முன்வரிசைக்குப் பின்னால், பானைகளுக்கு நடுவில், கரண்டியோடு டோ ம்யா நின்றாள். அவளுக்கு விழா நாள் வியாபாரம். பக்கத்தில் எங்கள் முகாமின் சின்னப் பெண்கள் மூன்று பேரின் அம்மா அப்பாக்கள், புதுத் துணி உடுத்திக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன்.

கூட்டம் சிரித்தது அக்கா. யாரோ ஆண்பிள்ளை திரைக்குப் பின்னாலிருந்து பேசுவதாக நினைத்திருக்கிறார்கள். அப்புறம் என் வாய் அசைவதைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. அந்த அமைதியில் எனக்குப் பயம் விட்டுப்போய்விட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னால் வரிசையில் குனிந்து நிற்கும்போது ஒரு நொடி எதுவும் காதில் விழாது. அப்படி.

"போன வருஷம் எனக்கு இந்தக் குரல் இல்லை. முகாமில மாத்திரை கொடுத்தாங்க. இதே மாத்திரையைத்தான் டோ ம்யா மக தன்டாவுக்கும் கொடுத்தாங்க. அவ காமாலையில சாகலை" என்றேன்.

மைக்கின் உயிர் போய்விட்டது. சயா வயரைப் பிடுங்கியிருந்தார். இந்தக் குரலுக்கு மைக் வேண்டியதில்லை. மிச்சத்தை அது இல்லாமலே சொன்னேன். ஊசியைச் சொன்னேன். இந்தப் பிள்ளைகளுக்கும் அதே மாத்திரைதான் என்றேன். சிப்பாய்கள் என் இரண்டு தோளையும் பிடித்து இறக்கும்போது கீழே ஒரு பானை உருண்டு உடைகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க விடவில்லை.

என்னை அடிக்கவில்லை. ஜீப்பில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் மா சே சே காலில் காயம், பாங்காக் போகவில்லை என்று வந்தது. அந்த மூன்று பெண்களையும் அவர்கள் வீட்டார் அன்று சாயங்காலமே முகாம் வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டுக் கூட்டிப்போய்விட்டார்களாம். மற்ற பெண்கள் பாங்காக் போகிறார்கள். நூறு மீட்டரில் யார் ஓடுவாள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளக்கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் தினமும் பத்திரிகையைத் தேடுகிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். காலையில் போனவர் இருட்டியபின் வந்தார். பத்திரத்தைக் கண் முன்னாலேயே கிழித்தாராம் போஜீ. "மகளை அடக்கி வளர்க்கத் தெரியலையா?" என்று கேட்டாராம். "நான் அவளை ஓடத்தான் விட்டேன், அடக்கினதில்லை" என்று அப்பா சொன்னாராம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இன்னும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் அதை எதிர்பார்க்கிறவராகத் தெரியவில்லை. சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "ரோஸ் வீட்ல மழைக்குக் கட்டிலை எந்தப் பக்கம் இழுப்பாங்க?" என்று கேட்டார்.

நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு. ஆனால் போவதற்கான அனுமதிச் சீட்டைத் தரமாட்டேன் என்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பா போய் நிற்கிறார். எதிர்க்கடை வாசலில் சைக்கிளோடு ஓர் ஆள் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் பூசைக்குப் போனால் அவனும் வருகிறான், வெளியே நிற்கிறான். சீட்டு வந்தால் கப்பல். வராவிட்டால் என்ன என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. என் குரலையும் முகத்தையும் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வை.

நேற்று டோ ம்யா வந்தாள். மாவ்பியிலிருந்து பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து நம் மாடிப்படி ஏறிவிட்டாள். சைக்கிள்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்ததாக அப்பா சொன்னார். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள்.

"மேடையில நீ அவசரமா சொன்னே. எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. இப்ப முதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதல் நாள் கட்டிலில் இருந்து ஆரம்பித்தேன். ரிலேயில் தன்டா சொல்லும் கெட்ட வார்த்தையைச் சொன்னேன். அம்மாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். மாத்திரையை, மஞ்சள் கண்ணை, வாந்தியை, ஜீப்பை எல்லாம் சொன்னேன். முடிந்ததும் ரொம்ப நேரம் என் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அவளுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்றாள்.

"இல்லை அம்மா" என்றேன். "வலிக்கவே இல்லை. களைப்பா இருக்குன்னு படுத்தா, அவ்வளவுதான்."

தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனாள். அவள் என்னை நம்பினாள் அக்கா.

செசி